இடது பக்கம் புகுந்த மூன்று கோல்

வலைக்கு முன்னால் நின்று ஊர் அடியெல்லாம் வாங்குகிற என் தங்கத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். எப்படி இருக்கிறோம் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். பாதியில் மடித்து வைத்துவிடாதே, கடைசி வரை படி.

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மாமா உன்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நேற்றுக் காலை உன் பழைய கோல்கீப்பர் முகக்கவசத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு வயதில் வந்த ஆசை. மாட்டியது சுலபம், கழற்றத்தான் வரவில்லை. பின்னால் இருக்கும் கொக்கி என் கொண்டையைக் கவ்விக்கொண்டது. அந்த நேரம் பார்த்து சிலிண்டர்காரர் மணி அடித்தார். அப்படியே போய்க் கதவைத் திறந்தேன். "வீட்டுல அக்கா இல்லீங்களா?" என்று என்னையே கேட்டார். "வெளிய போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டேன். மனிதர் சிலிண்டரைப் படியிலேயே வைத்துவிட்டு இறங்கினவர்தான், திரும்பியே பார்க்கவில்லை.

அதை ஏன் மாட்டினேன் என்று கேள். இடது கண்ணை மூடிக்கொண்டு சமையலறை வாசலில் நின்றேன். மாமாவிடம் காலுறைகளைச் சுருட்டிக் கொடுத்து, இடது பக்கமாக எறியச் சொன்னேன். பத்து எறிந்தார். எட்டு என் மேல் பட்ட பிறகுதான் வந்ததே எனக்குத் தெரிந்தது. "என்னடி விளையாட்டு இது?" என்றார். விளையாட்டுதான் என்றேன். அவருக்கு இன்னும் ஒன்றும் தெரியாது.

உங்கள் சக்கர ஹாக்கிக் கால் இறுதியை இருவரும் கைபேசியில் பார்த்தோம். உலகத்தில் எங்கெங்கிருந்தோ வந்த ஆண்பிள்ளைகள் சக்கரத்தைக் காலில் கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முட்டித் தள்ளுகிறீர்கள், அதற்கு ஒரு கோப்பை வேறு. ஐந்துக்கு மூன்று என்று நாம் ஜெயித்தோம். மாமா கட்டிலில் ஏறிக் குதித்தார், பலகை ஒன்று விரிந்துவிட்டது. நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துத் துண்டை எடுத்துக் கொடுத்தார். தம்பி, உன் வலைக்குள் போன மூன்றும் இடது பக்கம். மூன்றுமே நீ பார்க்காமல் போனவை. வட்டு வலைக்குள் விழுந்த பிறகு நீ கையைத் தூக்கினாய். கடைசிப் பத்து நிமிடம் கோழி மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாய். வர்ணனை செய்தவர் உனக்குக் களைப்பு என்றார். அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரியும். ஏனென்றால் உன்னை அங்கே அனுப்பி வைத்தவள் நான்தான்.

பயிற்சியில் அடிபட்டு வந்தாயே, அன்றைக்கே சொன்னாய், இடது கண் ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது, நடுவிலும் மங்கல் என்று. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றும் நீயே சொன்னாய். அணியில் சேரக் கண் பரிசோதனை உண்டு, அதுவும் நான் பெருக்கித் துடைக்கிற ஆஸ்பத்திரியில் என்று தெரிந்ததும் உன் முகம் செத்துப்போனது. இரண்டு போட்டிகளுக்கு மாற்று ஆளாகப் போய் பெஞ்சைத் தேய்த்துவிட்டு வந்தவன் நீ. முப்பத்து மூன்று வயதில் இப்போதுதான் முதல் கோல்கீப்பர். அந்த முகத்தைப் பார்த்து எனக்குப் பொறுக்கவில்லை. சுவரில் மாட்டியிருக்கும் எழுத்து அட்டையின் கடைசி வரிகளை எழுதிக்கொண்டு வந்தேன். எழுதினேன் என்பது பொய். எனக்கு அந்த இங்கிலீஷ் எழுத்து எங்கே தெரியும்? துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, கண்ணில் பட்டபடி வரைந்தேன். மாட்டுக் கொம்பு, கதவு நிலை, ஒற்றைக் காலில் நிற்கும் கொக்கு. நீ பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். பிறகு இரண்டு நாள் குளிக்கும்போதெல்லாம் ஒப்பித்தாய். பரிசோதனை செய்த பெண், "உங்க இடது கண்ணு வலது கண்ணைவிட நல்லா இருக்கே!" என்றாளே, கதவுக்கு வெளியே வாளியோடு நின்ற எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? என் வாழ்க்கையில் நான் பாஸான பரீட்சை அது ஒன்றுதான்.

இனிமேல் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை.

முந்தாநாள் டாக்டரம்மா அறையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி ஓட்டுநர் வந்திருந்தார். அவருக்கும் அதே மின்னல், அதே மங்கல். கண்ணுக்குள்ளே பின்பக்கம் மெல்லிய தாள் மாதிரி ஒன்று ஒட்டியிருக்குமாம், அது கழன்று வருகிறதாம். சுவரில் ஓதம் ஏறினால் சுண்ணாம்பு பெயர்ந்து வருகிறதே, அந்த மாதிரி. அன்றைக்கே அவரைப் படுக்க வைத்துவிட்டார்கள். நான் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, பக்கத்து வீட்டு ஆளுக்கு இப்படி இருக்கிறது, என்ன செய்வது என்று மெதுவாகக் கேட்டேன். "எத்தனை நாளா?" என்றார். ஆறு வாரம் என்றேன். "இன்னும் ஏம்மா வீட்டுல வச்சிருக்கீங்க? முழுசா கழண்டா பார்வை திரும்ப வராது. தலையில ஒரு அடி பட்டா போதும்" என்றார். தலையில் அடிபடுவதுதான் அவன் வேலையே என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. அதற்கு மேல் பக்கத்து வீட்டு ஆளை வைத்துச் சமாளிக்க முடியவில்லை. அட்டை, கொக்கு, கொம்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

டாக்டரம்மா திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். நீ இருக்கும் ஊர் மருத்துவர்களுக்கு மூன்று தாள் எழுதிக் கொடுத்தார். நாளையிலிருந்து வேலைக்கு வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

உங்கள் பயிற்சியாளர் எல்லோருடைய கைபேசியையும் ஒரு பையில் போட்டுப் பூட்டி வைத்திருக்கிறாரே, தன்னுடையதையும் சேர்த்து, அவருக்கு ஒரு கும்பிடு. உங்கள் விளையாட்டுச் சங்க ஆபீசுக்கு ஏழு தடவை பேசினேன். இருப்பது ஒரே ஒரு எழுத்தர். "எல்லா வீட்லயும் அவசரம்னுதாம்மா சொல்றாங்க. போன தடவை ஒரு அம்மா பீரோ சாவி எங்கன்னு கேட்க அவசரம்னாங்க" என்றார். டாக்டரம்மா பேசியபோது அவர் சாப்பிடப் போயிருந்தார், பிறகு எடுக்கவே இல்லை. நீங்கள் தங்கியிருக்கும் விடுதிக்கும் பேசிப் பார்த்தேன். எடுத்தவருக்கு என் பாஷை தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. நான் அழ அழ அவர் ரொம்ப மரியாதையாக என் பேரில் ஒரு அறை ஒதுக்கிவிட்டார் போலிருக்கிறது. நன்றி என்று கைபேசிக்கு ஒரு செய்தி வந்திருப்பதாக மாமா படித்துச் சொன்னார்.

மிச்சம் இருப்பது உங்கள் சக்கரக்காரர்தான். அங்கே தரை வழுக்குகிறதாமே, மிருதுவான சக்கரம் வேண்டும் என்று பையைப் பூட்டுவதற்கு முன்பே கேட்டீர்களாமே. அந்தப் பெட்டியோடு இன்று மத்தியானம் விமானம் ஏறுகிறார். அவருக்குத் தெரிந்த நம்பர்களும் அந்தப் பூட்டின பையில்தான் கிடக்கின்றன. அதனால் இந்தக் கடிதம்.

நீ இதைப் படித்த உடனே என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். இன்னும் இரண்டே ஆட்டம், அக்கா சும்மா பயப்படுகிறாள், முடித்துவிட்டு வருகிறேன். வேண்டாம்டா. அரை இறுதியில் மாற்று ஆள் நிற்கட்டும். அவர் தபால்காரர், கொடுத்துத்தான் பழக்கம், பிடித்துப் பழக்கமில்லை என்று நீ கேலி செய்வாய். பிடிக்காவிட்டால் போகட்டும். பத்து கோல் வாங்கட்டும். தோற்று வந்தால் நான்கு நாள் பேசுவார்கள், பிறகு வேறு யாரையாவது பேசப் போய்விடுவார்கள்.

பயிற்சியாளருக்கும் ஒரு கடிதம் எழுதி, டாக்டரம்மா தாள்களையும் அதில் வைத்திருக்கிறேன். இரண்டையும் சக்கரக்காரரிடம் கொடுக்கிறேன். உன்னுடையதை முதலில் தருவார். அரை மணி நேரம் உனக்கு. நீயே போய்ச் சொல்லிவிட்டால் மதிப்பு. உன் வாயால் சொல்ல முடியாவிட்டால் சக்கரக்காரர் மற்றதைப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிடுவார். என்மேல் கோபம் வந்தால் வரட்டும். பேசாதே, வீட்டுக்கு வராதே, என் சமையலை வாயில் வைக்காதே. ஆனால் அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. காலணியைக் கழற்ற நேரமில்லை என்றால் சக்கரத்தோடே போ.

உன்னைத் தூக்கி வளர்த்த கை கேட்கிறது, ராஜா. கோப்பை வேண்டாம், பதக்கம் வேண்டாம். வாசலில் நின்று, "அக்கா, குண்டாயிட்டியே" என்று என்னை முழுசாகப் பார்த்துச் சொல்ல வா. நூறு வயது நன்றாக இரு.

உனக்குப் பொய் எழுத்து சொல்லிக் கொடுத்த
அக்கா

(உறையின் பின்புறம்)

தம்பி, இரண்டு கடிதத்தையும் இரண்டு உறையில் போட்டு ஒட்டினேன். பெயர் எழுதப் பேனாவை எடுத்தபோதுதான் எது யாருடையது என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை, ஒரே கனம். ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன், தெரியவில்லை. சக்கரக்காரர் கீழே டாக்சியில் ஹாரன் அடிக்கிறார். அதனால் இரண்டிலும் பயிற்சியாளர் பெயரையே எழுதிவிட்டேன். உனக்குத் தருவதாகச் சொன்ன அரை மணி நேரம் போச்சு, ராஜா.