இடிக்குக் கழற்றிய பிளக்

செவ்வாய், இரவு.

இரண்டு வாரமாக, கணினியைக் கணக்குப் போடவிட்டு அதற்குள் ஒரு விண்மீன் திரளை வளர்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் சுருள் கைகள் தெரிந்தன. டிஸ்க்கில் இடமில்லாததால் இடையில் எதையும் சேமிக்கவில்லை. பின்னேரம் இரத்தோட்டை மலைப் பக்கம் இடி கேட்டதும் அம்மா டிவி, பிரிட்ஜ் பிளக்கோடு கணினியின் பிளக்கையும் கழற்றிவிட்டார்.

“உன் கம்ப்யூட்டர் கருகிடக் கூடாதுன்னுதான் கழட்டுனேன். திரும்பப் போட்டா வராதா?”

“வராதும்மா. முதல்ல இருந்துதான்.”

வெள்ளிக்கிழமை என் பேராசிரியர் திரளின் படம் கேட்பார். அதற்குள் சுருள் கைகள் வராது; ஆனாலும் மறுபடி ஓடவிட்டேன். திரையில் வெறும் வாயு, புகைமூட்டம்போல.

சாப்பிட்டு எழும்போது திரும்பவும் மின்னியது. அம்மா கதவருகே வந்து நின்றார். பிளக்கைத் தொடவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தார்.

இம்முறை கணக்கு ஓடியிருந்தது ஒரு மணி நேரம்தான். நானே போய்க் கழற்றினேன்.