ஒவ்வொரு கட்டிலிலும் நின்றீர்கள்

அண்ணே,

இன்று மத்தியானம் ஆஸ்பத்திரி வாசலில் சோறு விற்பவர் ஒருவர் தோளிலிருந்து சோற்றுப்பானைகள் தொங்கும் காவடியை இறக்கினார். மீன்குழம்பு மணம் ஆண்கள் வார்டு வரை வந்தது. எனக்கு உங்கள் மேல் இருந்த பழைய கோபம் கிளம்பிவிட்டது.

டாக்டர் உங்கள் நெஞ்சில் குழலை வைத்து, கேட்ட சத்தத்தைக் குறித்துக்கொள்வார். அது போதாது, நோயாளியால் என்ன செய்ய முடிகிறது என்பதையும் எழுத வேண்டும் என்று அடம்பிடித்து நோட்டுப் போட்டவள் நான். தானே குளிக்கிறாரா, படி ஏறுகிறாரா, வார்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இளைக்காமல் நடக்கிறாரா. நர்ஸுக்கு எதற்கு இந்த வேலை என்று சிரித்தார்கள். அவர்கள் வாயை அடைக்க எனக்கு நல்லதாக ஒரு பக்கம் வேண்டியிருந்தது. நீங்கள் கிடைத்தீர்கள்.

நீங்கள் நடந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒவ்வொரு கட்டிலிலும் நின்று, ஒருவரின் மகளை விசாரித்தீர்கள், இன்னொருவரைக் கேலி செய்தீர்கள், சீனக் கிழவரிடம் கஞ்சி எப்படி என்று மலாய் மொழியில் கேட்டீர்கள். கடைசியில் என்னிடம் வந்து, "பாத்தீங்களா மிஸ்ஸி, ஒண்ணும் இல்ல லா. அனுப்பிடுங்க, என் மூலையில வேற ஆளு காவடிய எறக்கிடுவான்" என்றீர்கள். 'முழு வார்டும் நடந்தார், இளைப்பு இல்லை' என்று எழுதினேன். அதைப் பார்த்துத்தான் டாக்டர் உங்களை அனுப்பினார்.

நாலாம் நாள் டத்தோ கிராமாட் சாலையில் காவடியோடு விழுந்தீர்கள். எழுந்திருக்கவில்லை. உங்களோடு தங்கியிருந்தவர் ஆஸ்பத்திரிச் சட்டையைத் திருப்பிக் கொடுக்க வந்தபோது தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பேசற மாதிரி நின்னு மூச்சு வாங்கிக்குவாராம். மிஸ்ஸிக்குத் தெரியலன்னு சொல்லிச் சிரிச்சாரு."

ஏன் அண்ணே மறைத்தீர்கள்? கேட்கிற தகுதி எனக்கும் இல்லை. சுமை தூக்கிப் பிழைக்கிறவரை வெறுங்கையோடு நடக்கவிட்டு அளந்தவள்தானே நான். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனம் வரவில்லை, படிக்கவும் முடியவில்லை.

நோட்டில் இப்போது 'எத்தனை முறை நின்றார்' என்று ஒரு கட்டம் சேர்த்திருக்கிறேன். பேசுவதும் ஒரு நோயா என்று கேட்டுப் புது டாக்டர் அதை அடித்துவிடுகிறார். நான் மறுபடியும் கோடு போடுகிறேன்.

நேற்று ஒரு நோயாளி நடக்கும்போது என் எதிரில் நின்று, சாப்பிட்டீர்களா மிஸ்ஸி என்று கேட்டார். நான் அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருந்தேன். யார் அன்பாக நின்று பேசினாலும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அண்ணே. நீங்கள் என்னிடம் விட்டுப்போனது அதுதான்.