ராபின்சனின் மணிக்கட்டு

ஜனவரி 6
கொல்லயில் ஊரில் இன்று இருபத்திரண்டு பேர் கையைப் பார்த்தேன். பெருவிரல் நுனியால் சுண்டுவிரலைத் தொட்டு மணிக்கட்டை உள்ளே மடக்கினால், நடுவில் ஒரு தசைநாண் கம்பி போல எழும்பும். நாலு பேருக்கு எழும்பவில்லை. துருக்கியில் பாதிக்கு மேல் இல்லை, சீனாவில் நூறில் நாலைந்து பேருக்குத்தான் இல்லை என்கிறார்கள். எங்கள் கேரள எல்லைக் கிராமங்களில் யாரும் எண்ணியதில்லை; இத்தனை வருடம் வேலை பார்த்துவிட்டுச் சேர்ந்த முதுகலையில் என் ஆய்வு அதுதான். அந்த நாலு பேரில் ஒருவரான ரெத்தினதாஸ் மாமன் பயந்துவிட்டார். "நரம்பு இல்லியா மக்கா? கை வெளங்காம போயிருமோ?" ஒரு குறையும் வராது என்றாலும் நம்பவில்லை.

அம்மா முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை. மஸ்கட்டுக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஒரு போன்கூட இல்லாதிருந்த ராபின்சன் அண்ணன் வந்து ஒன்பது நாள். தாடி, வழுக்கை, பாதி உடம்பு.

ஜனவரி 9
அண்ணன் கையையும் பார்த்தேன். இரண்டிலும் இல்லை.

பிசியோதெரபி முதல் வருடம் அவன் கையில்தான் பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். இரண்டிலும் இருந்தது. ஏதாவது அறுவைச் சிகிச்சையில் எடுத்திருந்தால் தழும்பு இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"என்ன மக்கா தேடுதே?"

"ஒண்ணுமில்லண்ணா."

கையை மெல்ல இழுத்துக்கொண்டான்.

ஜனவரி 10
தானாக மறையுமா? மறையாது.

ஜனவரி 14
காலையில் பின்பக்க வாழைகளுக்கு நடுவே நின்றான். அங்கே கிணறு இருந்தது, அப்பா மூடிவிட்டார். "அப்பாக்க வாட்சை இதுல போட்டது நாமளாக்கும். ஓர்மை உண்டா?" என்று சிரித்தான். எனக்கும் அண்ணனுக்கும் மட்டும் தெரிந்தது அது.

அண்ணன் இதை இவனிடம் எப்போது சொன்னான்? எந்த நிலையில் கிடந்தால் ஒருவன் இவ்வளவும் சொல்லித் தீர்ப்பான்? சரி, சொன்னான் என்றே இருக்கட்டும் — அந்தச் சிரிப்பு? அதை எப்படிக் கொடுக்க முடியும்?

ஜனவரி 18
அம்மா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன்.

"அம்மா, அது அண்ணன் இல்ல."

கத்தி நிற்கவில்லை. "வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"பின்னே ஏன் கேக்கல?"

"கேட்டா அவன் சொல்லுவாம்லா. சொன்னா எனக்க பிள்ள செத்திருவான்."

இத்தனை நாளும் யாருக்கம்மா சோறு போட்டே?

ஜனவரி 21, ஞாயிறு
சபைக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

பிப்ரவரி 3
முந்நூறு பேர் முடிந்தது. ராபின்சன் என்ற பெயருக்கு நேரே 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. அடித்துவிட்டு வேறொருவரைச் சேர்த்தேன்.

மத்தியானம் அவன் என் முன்னால் வந்து நின்றான். "ஜெஸ்மி, மஸ்கட்டுல நடந்தத உனக்கிட்ட சொல்லணும்."

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

"சோறு ஆறுது," என்றேன். "வா அண்ணா."