பதினைந்தாவது மட்டை

அன்பு ஐல்சா,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

மூத்தோர் கோல்ஃப் போட்டி நேற்று முடிந்தது. நாற்பது வருடமாக இங்கே வென்றவர்களின் பெயர்களைப் பலகையில் பொறித்து வருகிறார்கள். நான் மட்டைப் பை தூக்கும் ஆட்டக்காரர் வெண்டெல் மூன்று முறை இரண்டாவதாக வந்தவர். அந்தப் பலகையில் அவர் பெயர் இல்லை. இந்த முறை, அறுபத்திரண்டு வயதில், கடைசி நாளை முதலிடத்தில் தொடங்கினார்.

முதல் குழி முடிந்ததும் பைக்குள் எண்ணினேன். பதினான்கு மட்டைகளுக்கு மேல் கூடாது, பதினைந்து இருந்தன. காலையில் அவர் பயிற்சிக்கு எடுத்த பழைய மட்டையை வெளியே எடுத்து வைக்க மறந்தவன் நான்தான். வேறு யாரும் பார்க்கவில்லை.

"பாஸ், ஒண்ணு கூட இருக்கு."

அவரும் எண்ணினார். "எண்ணத் தெரியாதவனையா பத்து வருஷமா கூட வெச்சிருக்கேன்?" என்றபடியே நடுவரைக் கையசைத்து அழைத்தார். அபராதமாக அவர் கணக்கில் இரண்டு அடிகள் கூடின. கடைசியில் ஒரே ஒரு அடி வித்தியாசத்தில் தோற்றார்.

என் படிக்கும் கண்ணாடியையும் கம்பளிக் காலுறைகளையும் அனுப்பு.

மாலையில் அந்தப் பலகை முன்னால் நின்றுகொண்டு, "அடுத்த வருஷமும் நீதான்டா பை தூக்கணும்" என்றார். திட்டி விரட்டியிருந்தால் இந்நேரம் உன் பக்கத்தில் இருந்திருப்பேன்.

அடுத்த போட்டிக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

உன்
ஃபெர்கஸ்