நொரைடா வந்துட்டுப் போனாள், அக்கா

என் ஆசை பாக்கியம் அக்காவுக்கு,

இப்போது உனக்கு முழங்கால் வலி இருக்காது என்று நம்புகிறேன். கோயில் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி எழுதச் சொல்லி ஃபாதர் கேட்டார். அஞ்சாம் வகுப்போடு நின்று பேண்டேஜ் துணித் தறிக்குப் போனவள் நான். உன்னைப் பற்றி ஊருக்கு என்ன எழுத? உனக்கே எழுதிவிடுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதி. நொரைடா வந்துட்டுப் போனாள். பிலிப்பைன்ஸில் உன் கன்னியர் மடத்து ஆஸ்பத்திரியில் நீ நர்ஸ் வேலை பழக்கினாயே, அந்தப் பிள்ளைதான். மதுரைக்கு ஏதோ பயிற்சிக்கு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் வந்துவிட்டாள். முக்காடு போட்ட பிள்ளை வாசலில் நின்று, "ஏட்டி, சாப்ட்டியா?" என்றாள் என்னைப் பார்த்து. என் மகள் ஜெனிட்டா வயசுதான் இருக்கும். வேறு என்ன தமிழ் தெரியும் என்று கேட்டால், "செத்த நேரம் இரு, வாரேன்" என்கிறாள். இதைத்தானா அக்கா அங்கே சொல்லிக்கொடுத்தாய்?

எனக்கு அன்றைக்குக் காலையிலிருந்தே ஒரே பயம். எல்லாம் உன் தம்பி, என் அந்தோணி அண்ணனை நினைத்துத்தான்.

நீ கடைசியாக லீவில் வந்தபோது சாப்பாட்டில் நடந்ததை மறக்க முடியுமா? மிண்டானாவோ தீவில் இந்த முஸ்லிம் சனங்கள் ஏன் தனி நாடு கேட்டார்கள் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தாய். முன்னே அங்கே சுல்தான்கள் ஆண்டார்களாம். ஸ்பெயின்காரன் வந்து வடக்கே இருந்தவர்களை நம்ம வேதத்துக்குக் கொண்டுவந்தான், தெற்கே அவனால் முழுசாக முடியவில்லை. தன் ஊர்ப் பழைய முஸ்லிம் பகையாளிகளுக்கு வைத்த மோரோ என்ற பேரையே இவர்களுக்கும் வைத்தான். பிறகு தன் கைக்கு வராத மண்ணையும் சேர்த்து அமெரிக்காக்காரனுக்கு விற்றுவிட்டுப் போனான். அவனும், அவனுக்குப் பிறகு மணிலாவில் உட்கார்ந்த சர்க்காரும், வடக்கேயிருந்து நம்ம வேதக்காரர்களைக் கொண்டுவந்து குடிவைத்துப் பட்டா கொடுத்தார்கள். தலைமுறையாக உழுதவர்களிடம் காகிதம் இல்லை. சொந்த மண்ணிலேயே சின்னக் கூட்டமாகிப் போனார்கள். ஊர் எரிந்து, ஆட்கள் செத்து, அதற்குப் பிறகு பையன்கள் துப்பாக்கி தூக்கினார்கள்.

"நம்ம வத்திராயிருப்பு வயலுக்கு எவனோ காகிதத்தோட வந்து நின்னா, அப்பா சும்மா இருந்திருப்பாராலே?" என்று அண்ணனைக் கேட்டாய்.

அவர் பட்டாளத்தில் இருபது வருசத்துக்கு மேல் இருந்தவர். பாதிச் சோற்றில் எழுந்துவிட்டார். "எங்கூடப் படுத்து எந்திரிச்சவன் காஷ்மீர்ல குண்டு வெடிச்சுச் செத்தான். துப்பாக்கி தூக்குனவனுக்கு நீ நியாயம் பேசுத."

அது வேறு மண், வேறு கதை என்று சொன்னாய். அங்கேயும் அவர்களில் சிலர் ஆட்களைக் கடத்தினார்கள், மாதா கோயிலில் குண்டு வைத்தார்கள், அந்தக் காயத்துக்கெல்லாம் நானே கட்டுப் போட்டேன் என்றும் சொன்னாய். அவர் கேட்கவில்லை. அப்புறம் உன் போனையும் எடுக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் நீ என்னிடம், "அவன் இருக்கானா? குடேன்" என்பாய். வெளியே போயிருக்கிறார் என்பேன். உனக்குத் தெரியாதா என்ன?

இப்போது நீ இல்லை. உன்னை அந்த மண்ணிலேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். உன் கடைசி நாட்களைப் பார்த்தவள் ஒருத்தி வருகிறாள், அவளோடு அண்ணன் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசை. முகத்தில் அடித்த மாதிரி பேசிவிட்டால் என்ன செய்வது?

வரமாட்டேன் என்றவர் காலையில் வந்தார். நான் கறிச்சட்டியை இறக்கிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்து பார்த்தார்.

"கறி எங்க எடுத்த?"

"நம்ம கடையிலதான்."

"கூறு இருக்காட்டி உனக்கு? அந்தப் பிள்ளை இதத் தொடாது. பாய் கடையில ஓதி அறுத்ததுதான் திங்கும்."

எனக்கு அது தோன்றவே இல்லை அக்கா. முஸ்லிம் வீட்டுப் பிள்ளை, கறி வைத்தால் சந்தோசப்படும் என்று மட்டும் நினைத்தேன். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். அவர் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "பட்டாளத்துல எங்க கம்பெனியில சாகுல் இருந்தான். அவனுக்குத் தனிச் சட்டி வைப்போம். நாந்தான் கழுவி வைப்பேன்."

மூடியைத் திரும்பப் போட்டுவிட்டு, "காஷ்மீர்ல குண்டுல போனது அவந்தான்" என்றார்.

இத்தனை வருசம் நமக்கு இது தெரியாதே அக்கா. உன்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் கறி வாங்கிவந்தார். புதுச் சட்டியில் வை என்று பக்கத்திலேயே நின்றார். நொரைடா சாப்பிடும் முன் ஜெனிட்டாவிடம் ஏதோ இங்கிலீசில் கேட்டாள். ஜெனிட்டா தலையாட்டி மாமாவைக் கைகாட்டினாள். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிட்டாள்.

அண்ணன் முதலில் கேட்டது, "அக்கா ரொம்பக் கஷ்டப்பட்டாளா?" தூக்கத்திலேயே போய்விட்டாய் என்று ஜெனிட்டா சொல்லக் கேட்டதும் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டார். உன் கல்லறையில் புல் பிடுங்குவது நொரைடாவின் அம்மாவாம். மழை அதிகம், புல் சீக்கிரம் வளர்ந்துவிடுமாம்.

பிறகு அவரே, உங்க ஊரில் சண்டை நின்றுவிட்டதா என்று கேட்டார். தனி நாடு கிடைக்கவில்லை, ஆனால் அவர்கள் பகுதிக்கென்று ஒரு அரசாங்கம் வந்திருக்கிறது என்றாள். அவள் அண்ணன் காட்டிலிருந்து வந்து துப்பாக்கியைக் கொடுத்துவிட்டானாம். இப்போது மக்காச்சோளம் போடுகிறான், குத்தகை நிலத்தில். தாத்தா நிலம் இன்னும் வேறு ஆள் கையில்தான். இன்னும் சிலர் காட்டிலேயே இருக்கிறார்கள், அவர்களை நினைத்தால் தனக்கும் பயம் என்றாள்.

நம்ம அண்ணன் கடைசி வரை உட்கார்ந்து கேட்டார். உனக்குக் கொடுக்காத நேரத்தை அவளுக்குக் கொடுத்தார் என்று எனக்குச் சந்தோசமும் வந்தது, கோபமும் வந்தது. அவளை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது என்னிடம் சொன்னார்: "துப்பாக்கி தூக்குனது தப்புதான். அதுல எனக்கு மாத்தம் கிடையாது. ஆனா ஆயுதத்தக் குடுத்துட்டான்லா? நிலத்தத் திருப்பிக் குடுக்கணும்லா?"

நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? சிரித்திருப்பாய் என்றுதான் தோன்றுகிறது.

நேற்று அண்ணன் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். என்னையும் ஒன்று பிடித்துக்கொள்ளச் சொன்னார். கொஞ்சம் பொறு அக்கா. அவரை உன் தலைமாட்டில் கொண்டுவந்து உட்காரவைப்பது என் பொறுப்பு. பேச வேண்டியதை உன்னிடம் அவரே பேசட்டும். நான் தள்ளி நின்று புல் பிடுங்கிக்கொண்டிருப்பேன்.

உன் மடியில் வளர்ந்த தங்கச்சி,
புஷ்பம்