படகில் ஏறுவதற்கு முன்

என் அன்பு ரோசம்மா அக்காவுக்கு,

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உன் பாப்பா நடக்கிறாள். கோழியைக் கண்டால் துரத்துகிறாள். உனக்கு முடியாமல் போனபோது அவளைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டேன் அல்லவா, இன்னும் திரும்பிப் போகவில்லை.

வருகிற ஞாயிறு அத்தான் எங்களைப் புக்கிட் மேரா ஏரிக்கு மீன் பிடிக்கக் கூட்டிப்போகிறார். காலைப் பூசை முடிந்ததும் ஃபெரிக் கப்பலில் ஏறி அக்கரை போய், பிறையில் ரயில் பிடிக்க வேண்டும். அத்தானோடு ரயில்வேயில் வேலை செய்பவர் ஒருவர் தன் சின்னத் துடுப்புப் படகை, அந்தச் சம்பானைத் தருகிறாராம். தூண்டில் இரண்டு தயார். ஒரு டப்பாவில் ஈரமண் போட்டு மண்புழு சேர்த்திருக்கிறேன். விரால் தவளைக் குஞ்சுக்குத்தான் வாயைத் திறக்கும் என்கிறார் அத்தான். தவளையை யார் பிடிப்பது?

அம்மாவும் வருகிறாள். ஆனால் பாப்பாவோடு கரையிலேயே இருந்துகொள்வாளாம். சம்பானில் அத்தானும் நானும் மட்டும். ஏன் என்று முந்தாநாள் தெரிந்தது. அடுப்படியில் அம்மா அத்தானிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்க வெச்சுக் கேட்டுப்புடுங்க மாப்ளே. வீட்ல கேட்டா ஓடி ஒளிஞ்சுக்குவா. படகுல எங்க ஓடுவா?"

உன் இடத்துக்கு நான் வரவேண்டுமாம், அக்கா. எனக்கு நீச்சல்கூடத் தெரியாது.

மறுநாள், ஞாயிறு நான் உடுத்துவதற்காக, உன் நீலப் பட்டுச்சேலையை அம்மா வெயிலில் காயப்போட்டாள். பக்கத்து வீட்டு அந்தோணியம்மா அக்கா எட்டிப் பார்த்து, "ஏரிக்குப் பட்டா? மீனுக்குப் பொண்ணு காட்டப் போறீங்களா?" என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

கடைசி நாளில் நீ என் கையைப் பிடித்து, "பாப்பாவப் பாத்துக்க" என்றாய். நீ என்னை அத்தானுக்கே கொடுத்துவிட்டுப் போனாய் என்கிறாள் அம்மா. அப்படியா அக்கா?

நேற்று மாலை அம்மா காய்கறி வாங்கப் பசாருக்குப் போயிருந்தாள். அத்தான் வாசலில் உட்கார்ந்து தூண்டிலில் முள் கட்டிக்கொண்டிருந்தார். அவர் எதிரே போய் நின்றேன்.

"அத்தான், படகுல வெச்சுக் கேக்காதீங்க. இங்கயே கேட்டுடுங்க."

அவர் நிமிரவில்லை. "கேட்டா என்ன சொல்லுவே?"

"பாப்பாவ நான் வளக்கிறேன். உங்களக் கட்டிக்க மாட்டேன். நீங்க அக்கா வீட்டுக்காரரு. எனக்கு வேற மாதிரி பாக்க வரல."

முள் அவர் விரலில் குத்திவிட்டது. விரலை வாயில் வைத்துச் சப்பினார். பிறகு, "சரி. அத்தைகிட்ட யாரு சொல்றது?" என்றார்.

"நீங்க சொல்லுங்க."

"நானா? எனக்கு அவங்கன்னாலே பயம்லா."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. ஆனால் ராத்திரி படுத்தபிறகு வேறு பயம் பிடித்துக்கொண்டது. நாளைக்கு அவர் வேறு யாரையாவது கட்டிக்கொண்டு வந்தால், பாப்பாவை என்னிடம் விடுவாரா? அதைக் கேட்க மட்டும் வாய் வரவில்லை.

ஞாயிறு நான் அந்தச் சம்பானில் ஏறப்போவதில்லை, அக்கா. அத்தான் தனியாகப் போய் விரால் பிடிக்கட்டும். நான் கரையில் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முகத்தைப் பார்த்து என் வாயாலேயே சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. அவள் கத்தினாலும், அடித்தாலும், பாப்பாவை என் மடியிலிருந்து இறக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
பாப்பாவின் சித்தி,
மரியாள்