அறுகம்புல் தின்ற வள்ளி

ஆனி 6, வெள்ளி
சோளகக் காற்று விடாமல் அடிக்கிறது. கொடியில் போட்ட வேட்டி வேலிக்கு அப்பால்.
தையல் நாடாவால் கன்றுக்குட்டி வள்ளியின் நெஞ்சைச் சுற்றி அளந்தேன். போன மாத அளவுதான், ஒரு நூல்கூட ஏறவில்லை. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, "என்னப்பா, சட்டையோ தைக்கப்போறீர்?" பிறகு சிரிப்பை விட்டு, "ஆடிப்பிறப்பு வரைக்கும் பாப்பம். தேறாட்டி விக்கிறதுதான்."
பிள்ளையாரே, நீதான் துணை.
வாங்க: தவிடு, புண்ணாக்கு, விளக்குக்கு நல்லெண்ணெய்.

ஆனி 9, திங்கள்
விடிய அறுகு பிடுங்கப் போனேன். பக்கத்துத் தோட்ட வரம்பில்தான் நல்ல பச்சை. தினமும் அதில் கட்டும் மாலை பிள்ளையாருக்கு. மறுநாள் கழற்றியதும் ஐயர் தருவார், அது வள்ளிக்கு. சாமிக்குச் சாத்தியது முழுதும் வள்ளிக்கே என்று தாய்ப்பசுவுக்குக்கூடக் கொடுப்பதில்லை.
தோட்டக்காரர் தம்பித்துரை அண்ணை, முதுகில் மருந்துத் தாங்கி. "பிள்ளை, கையைக் கழுவும். வெங்காயத்துக்குள்ளை களைக்கு அடிக்கிறனான். காத்துக்கு வரம்புப் புல்லிலையும் கொஞ்சம் படும்."
"ஐயோ அண்ணை, இது பிள்ளையாருக்கெல்லோ!"
"அவர் என்ன, தின்னவே போறார்?"
"அவர் தின்னமாட்டார். என்ரை கண்டுக்குட்டி தின்னுது!"
தாங்கியை முதுகிலிருந்து இறக்கி வைத்தார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக.

ஆனி 10, செவ்வாய்
மாட்டு டொக்டர் வந்தார். காய்ச்சல் இல்லை, வயிற்றில் பூச்சி இல்லை. "மருந்துதான் எண்டு அடிச்சுச் சொல்ல ஏலாதம்மா. ஆனா கொஞ்சம் கொஞ்சமாப் போனாலும் சிலதுக்கு உடம்பு பிடியாது. அந்தப் புல்லை நிப்பாட்டிப் பாருங்கோ."
நிறுத்தியாயிற்று.
பின்னேரம் தம்பித்துரை அண்ணை ஒரு கடகப்பெட்டி அறுகோடு. "என்ரை கிணத்தடிப் புல்லு. மருந்து படாதது. இனிப் பிள்ளையாரும் கோவியார், கண்டும் கோவியாது." நல்ல மனிசன்.

ஆனி 24, செவ்வாய்
வெயில். வள்ளியின் மயிரில் மினுமினுப்பு! நாடாவில் இரண்டு விரல் கூடியிருக்கிறது. இவரிடம் மூச்சுவிடவில்லை. கோயிலில் ஒரு தேங்காய் உடைத்தேன்.

ஆடி 1, வியாழன்
ஆடிப்பிறப்புக் கூழ் அடுப்பில். பனங்கட்டி மணம். இவர் தானாகவே வந்து வள்ளியை அளந்தார். "போன மாசம் நீர் இழுத்துப் பிடிச்சிருப்பீர்" என்று திரும்பவும் அளந்தார். மூன்றாம் முறையும். வேலிக்கு மேலால் தம்பித்துரை அண்ணை, "என்ன தம்பி, ஆள் வந்திட்டுதோ வாங்க?"
"ஆரண்ணை விக்கிறது? உங்களுக்கு விசரே?"
விற்பதென்று சொன்னவரே இவர்தான்! வள்ளியின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூழ் அடிப்பிடிக்கிறது, ஓடுகிறேன்.